புளூபேர்டுக்கு வைத்த பெட்டியில் சிட்டுக்குருவி குடியேறினால்

அமெரிக்காவில் வீடு வாங்கிய கையோடு தோட்டத்தில் புளூபேர்டு என்ற நீலநிறச் சிறு பறவைக்கு என்று ஒரு கூட்டுப்பெட்டி மாட்டுகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். வசந்தம் வந்தால் எனக்குப் படம் அனுப்புவார்கள். பெட்டிக்குள் காய்ந்த புல், இறகு, பிளாஸ்டிக் துண்டு எல்லாம் கூரைவரை அடைந்து கிடக்கும், மேலே தொண்டையில் கறுப்புத் திட்டோடு ஓர் ஆண் சிட்டுக்குருவி உட்கார்ந்திருக்கும். "ஊர் ஞாபகம் வருது, இருந்துட்டுப் போகட்டுமே" என்பார்கள். ஒஹாயோவில் இந்தப் பெட்டிகளைக் கண்காணிப்பதையே வேலையாகச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தயவுசெய்து அதை அங்கே இருக்க விடாதீர்கள்.

ஊரில் சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைப்பது நல்ல காரியம், அது அந்த மண்ணின் பறவை. இங்கே அப்படி இல்லை. 1850களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து புரூக்ளினில் பறக்கவிட்டார்கள், அங்கிருந்து கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. புளூபேர்டால் மரத்தைத் தானே குடைய முடியாது, மரங்கொத்தி விட்டுப்போன பழைய பொந்துதான் அதற்கு வீடு. அந்தப் பொந்துகளையும் சிட்டுக்குருவியும் மைனா வகையைச் சேர்ந்த ஸ்டார்லிங்கும் பிடித்துக்கொண்டதில் கடந்த நூற்றாண்டில் புளூபேர்டுகள் வெகுவாகக் குறைந்துபோய், பிறகு தன்னார்வலர்கள் வரிசை வரிசையாகப் பெட்டி வைத்துத்தான் மீட்டெடுத்தார்கள். இந்தச் சண்டை எப்படி நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. சிட்டுக்குருவி உள்ளே புகுந்து முட்டையைக் குத்தி உடைக்கும், குஞ்சுகளைக் கொல்லும், அடைகாக்கும் தாய் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் தலையிலேயே கொத்திக் கொன்றுவிட்டு அந்த உடலுக்கு மேலேயே தன் கூட்டைக் கட்டிக்கொள்ளும்.

துளையைச் சின்னதாக்கினால் போதாதா என்று கேட்பார்கள். இந்தப் பகுதியில் வாழும் ஈஸ்டர்ன் புளூபேர்டு வகைக்கு ஒன்றரை அங்குலத் துளை வேண்டும், அது ஸ்டார்லிங்கைத் தடுக்கும், ஆனால் சிட்டுக்குருவி ஒன்றேகால் அங்குலத்திலேயே நுழைந்துவிடும். ஆகவே பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முதல் பாதுகாப்பு: வீட்டுச் சுவர், கொட்டகை, குதிரை லாயம், கோழிப்பண்ணை இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளித் திறந்த புல்வெளியில் வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. உட்காரக் குச்சி வைத்த பெட்டியாக இருந்தால் அதைப் பிடுங்கிவிடுங்கள், புளூபேர்டுக்கு அது தேவையே இல்லை. தீனித்தட்டில் சிறுதானியமும் உடைத்த சோளமும் கலந்த மலிவான கலவையைப் போடுவது சிட்டுக்குருவிக்கு விருந்து வைத்து அழைப்பதுதான்.

அப்புறம், வாரம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து பாருங்கள். எதையும் தொடுவதற்கு முன் யாருடைய கூடு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெல்லிய புல்லால் நேர்த்தியாகச் செய்த கிண்ணமும் வெளிர்நீல முட்டையும் புளூபேர்டுடையவை, எப்போதாவது அது வெள்ளையாகவும் இடும். புல் கிண்ணத்தில் இறகு விரித்து வெள்ளை முட்டை இருந்தால் அது மரத் தகைவிலான் (ட்ரீ ஸ்வாலோ) என்ற பறவையுடையது. வெளிறிய ஓட்டில் பழுப்புப் புள்ளி தெளித்த முட்டை, குப்பையைத் திணித்த கூடு என்றால் சிட்டுக்குருவியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் பெட்டிக்குள் போய்வரும் பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் சிட்டுக்குருவிக்குப் பொருந்தாது, மற்ற இரண்டுக்கும் பொருந்தும், அவற்றின் முட்டையை எடுப்பதோ அழிப்பதோ குற்றம்.

சிட்டுக்குருவிதான் என்று தெரிந்தபின் கூட்டை மட்டும் கலைத்து எறிவது போதாது. ஆண் அந்தப் பெட்டியை விடாது, திரும்பக் கட்டும், சில சமயம் பக்கத்துப் பெட்டியில் போய் நாசம் செய்யும். முட்டை இட்டதும் அவற்றில் சோள எண்ணெய் தடவித் திரும்ப வைத்துவிட்டால் பொரியாது, ஜோடி அதிலேயே சில வாரம் அடைகாத்துக் கிடக்கும், அதற்குள் அடுத்த பெட்டியில் புளூபேர்டு குஞ்சு பொரித்துவிடும். புளூபேர்டு முதல் முட்டை இட்ட அன்றே பெட்டியின் கூரைமேல் பளபளக்கும் மைலார் (மெல்லிய பிளாஸ்டிக் தாள்) பட்டைகளைத் தொங்கவிடுவதும் நன்றாக வேலை செய்கிறது. முட்டை இருப்பதால் புளூபேர்டு துணிந்து உள்ளே போய்விடும், சிட்டுக்குருவி தயங்கும். முன்கூட்டியே மாட்டினால் சிட்டுக்குருவிக்குப் பழகிவிடும், குஞ்சுகள் பறந்ததும் கழற்றிவிடுங்கள். விஷம், பசைப்பொறி இரண்டும் வேண்டவே வேண்டாம், அவற்றில் எந்தப் பறவை சாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இத்தனையும் பார்க்க நேரமில்லை என்றால் புளூபேர்டு பெட்டியை இறக்கிவிடுவதே மேல். கவனிப்பாரில்லாத பெட்டி வருடா வருடம் சிட்டுக்குருவியைத்தான் பெருக்கும். வீட்டை ஒட்டித்தான் இடம் இருக்கிறது என்கிறவர்கள் ஒன்றே அரைக்கால் (1⅛) அங்குலத் துளை உள்ள பெட்டி வையுங்கள், சிட்டுக்குருவியால் நுழைய முடியாது, சிக்கடி, ஹவுஸ் ரென் என்ற இந்த ஊர்ச் சிறு பறவைகள் வரும்.