டெபாசிட்டை வைத்துக்கொண்டு கார்டுக்கு வட்டி கட்டாதீர்கள்

கிருஷ்ணகிரியில் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கிறேன். வருமான வரி தாக்கலுக்கு வருகிறவர்களின் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்தவர் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர். 7 சதவீத வட்டியில் 2 லட்சம் டெபாசிட். கிரெடிட் கார்டில் 1,40,000 பாக்கி. மாதம் தவறாமல் 7,000 கட்டுகிறார். "மினிமம் டியூ கட்டிடறேன் சார், பிரச்சினை இல்ல. டெபாசிட் பாப்பா படிப்புக்கு, அதைத் தொட மாட்டேன்" என்றார். மினிமம் டியூ என்பது பில்லில் அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை.

அவர் பில்லை அங்கேயே பிரித்துக் காட்டினேன். மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 4,900. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 882. கட்டிய 7,000த்தில் அசலில் கழிந்தது 1,218 ரூபாய்தான். புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் இப்படியே கட்டினாலும் கடன் தீர மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். அந்த டெபாசிட் மொத்தமும் அவருக்கு மாதம் தருவதோ சுமார் 1,167 ரூபாய்.

நம் ஊரில் யாராவது மூணு வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் கந்துவட்டி என்று ஓடுவோம். கார்டு வட்டி மூன்றரை. ஜிஎஸ்டியோடு சேர்த்தால் நாலு வட்டிக்கு மேல். பேங்க் பெயர் போட்டு வருவதால் அது உறைப்பதில்லை. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அந்தப் பாதுகாப்பும் இப்போது இல்லை.

மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் கெட்ட பெயர் வராது. அவ்வளவே. வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாக்கி நிற்கும்வரை நீங்கள் புதிதாக வாங்கும் மளிகைக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி.

"பாதியில் உடைத்தால் டெபாசிட் நஷ்டம்" என்பதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. எவ்வளவு நஷ்டம் என்று ஒருவரும் கேட்பதில்லை. டெபாசிட் இருந்த காலத்துக்கு உரிய வட்டி விகிதத்தில் பெரும்பாலும் அரை முதல் ஒரு சதவீதம் குறைப்பார்கள். ஒரு வருடம் ஓடிய 2 லட்சத்துக்கு அது ஏறத்தாழ 2,000 ரூபாய். கார்டுக்குப் பத்துப் பதினோரு நாளில் போகிற காசு அது! இதற்குப் பயந்தா வருடக்கணக்கில் அழுகிறீர்கள்? உடைக்கவே மனசு வரவில்லையா, அந்த டெபாசிட்டின் மேலேயே கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூட இருக்கும். வரிச் சலுகைக்காகப் போட்ட ஐந்து வருட டெபாசிட்டுக்கு மட்டும் இந்த இரண்டு வழியும் கிடையாது.

பாக்கியைத் தீர்த்தபின் அவர் கையில் 60,000 மிஞ்சும். அதே 7,000த்தை மாதாமாதம் கட்டும் சேமிப்பான ஆர்.டி.யில் போட்டால் 20 மாதத்தில் பாப்பாவின் 1,40,000 திரும்ப வந்துவிடும்.

ஆனால் இருப்பதையெல்லாம் துடைத்துக் கட்டிவிடாதீர்கள். இரண்டு மாதச் செலவுக்காவது பணம் நிற்கட்டும். இல்லையென்றால் ஆஸ்பத்திரிச் செலவு வந்த அன்றே கார்டை மறுபடி எடுப்பீர்கள். வேலை போகும் நிலை என்றால் இன்னும் கூடுதலாக வையுங்கள். சேமிப்பு போதாதவர்கள் மீதிக்குப் பேங்கில் நகைக்கடன் வைக்கலாம், வட்டி கார்டில் பாதிகூட வராது. கடையில் கார்டைத் தேய்த்து, கமிஷன் போக ரொக்கம் வாங்கி இன்னொரு கார்டுக்குக் கட்டும் வேலை மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

முழுதாகக் கட்டிய அடுத்த பில்லிலும் கொஞ்சம் வட்டி வரும். பில் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள்வரைக்குமானது அது. "அதான் கட்டிட்டேனே" என்று விடாமல் அதையும் தீருங்கள். கார்டே வேண்டாம் என்றால் எழுதிக் கொடுங்கள். பாக்கியில்லாத கார்டை 7 வேலை நாட்களில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே விதித்திருக்கிறது.