ஹெட்ஃபோனில் குரல் ஏன் பிந்தி வருகிறது?

"வீட்டிலேயே பக்திப் பாடல்கள் பதிவு செய்கிறேன். பாடும்போது என் குரலே ஹெட்ஃபோனில் கொஞ்சம் லேட்டாகக் கேட்கிறது, தாளம் தப்புகிறது. ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருளை விட்டுவிட்டு, காசு கொடுத்து கியூபேஸ் வாங்கினால் சரியாகுமா? குரலும் இன்னும் தெளிவாக வருமா?" என்று சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வராது. மைக்கிலிருந்து வரும் மின் அலையை வினாடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து எண்ணாக மாற்றுவது, மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில் இருக்கும் சில்லு. மென்பொருளின் கைக்கு வருவது வெறும் எண்கள். அது அவற்றைச் சேமிக்கிறது, கூட்டுகிறது, அவ்வளவுதான். "அந்த சாஃப்ட்வேர்ல ஒரு கதகதப்பு இருக்கு சார்" என்று சொல்பவர்கள் உண்டு. சுத்த மூடநம்பிக்கை. சந்தேகம் இருந்தால் ஒரே டிராக்குகளை (தனித்தனியாகப் பதிவான ஒலிகளை) எஃபெக்ட் எதுவும் போடாமல், ஒலியளவையும் இட வலப் பங்கீட்டையும் ஒன்றுபோல வைத்து, இரண்டு மென்பொருளிலும் கலந்து வெளியே எடுங்கள். ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுங்கள். காதுக்கு எட்டும்படி எதுவும் மிஞ்சாது.

முதல் கேள்விதான் ரசமானது.

கம்ப்யூட்டர் ஒவ்வோர் எண்ணும் வந்தவுடன் ஓடிப்போய் எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு வேறு நூறு வேலை இருக்கிறது. அதனால் எண்களை பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேரவிட்டு, நிறைந்ததும் மொத்தமாக அள்ளும். ஆள் சேர்ந்தால்தான் கிளம்புவேன் என்று நிற்கும் ஷேர் ஆட்டோவேதான். பஃபரில் 512 இடம் இருந்தால், முதலில் ஏறிய எண் கடைசி எண் வரும்வரை காத்திருக்க வேண்டும். வினாடிக்கு 48,000 எண்கள் என்ற கணக்கில் அது 10.7 மில்லிவினாடி. உள்ளே வர ஒன்று, ஹெட்ஃபோனுக்குத் திரும்பிப் போக இன்னொன்று என்று இரண்டு பஃபர்கள். ஆக 21 மில்லிவினாடிக்கு மேல் போய்விடுகிறது. சில்லுகள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி.

சரி, பஃபரை 64 ஆகக் குறைத்தால்? காத்திருப்பு 1.3 மில்லிவினாடிதான். ஆனால் இப்போது பிராசசர் வினாடிக்கு 750 முறை தவறாமல் வந்து அள்ள வேண்டும். நடுவில் ஆன்டிவைரஸோ வைஃபையோ அதைக் கொஞ்சம் பிடித்து வைத்தால் போதும், ஒரு சுற்று தவறிவிடும். அந்த நேரத்துக்கு ஹெட்ஃபோனுக்கு அனுப்ப எண்ணே இருக்காது. பாட்டின் நடுவே 'டப்' என்று வெடிப்பது அதுதான். அதனால் பதிவின்போது பஃபரைச் சிறிதாகவும், பிறகு எஃபெக்ட் போட்டுக் கலக்கும்போது பெரிதாகவும் வைப்பார்கள்.

விண்டோஸில் இன்னொரு தடங்கலும் உண்டு. எல்லா நிரல்களின் ஒலியையும் ஒன்றாகக் கலக்க அது தனியாக ஒரு வரிசை வைத்திருக்கிறது. இதைத் தாண்டி இன்டர்ஃபேஸோடு நேராகப் பேச, கியூபேஸைத் தயாரிக்கும் ஜெர்மன் நிறுவனமான ஸ்டைன்பெர்க் 1997-இல் கொண்டுவந்ததே ஆசியோ என்ற டிரைவர் முறை (டிரைவர் என்பது கருவியைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் நிரல்). அவர்கள் கண்டுபிடித்தது என்றாலும், ரீப்பர் உட்பட வேறு பல பதிவு மென்பொருள்களும் இதைப் பயன்படுத்துகின்றன. ஆக, தாமதத்தைத் தீர்மானிப்பது டிரைவரும் பஃபரும்தான், மென்பொருளின் விலை அல்ல.

எவ்வளவு தாமதத்தைக் காது பொறுத்துக்கொள்ளும்? காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். (35 டிகிரி வெயிலில் சேலத்தில் கொஞ்சம் வேகம் கூடும், 20 டிகிரியில் ஏற்காட்டில் குறையும். மலையில் காற்று மெலிசு என்பது காரணமல்ல, குளிர்தான்.) கச்சேரியில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரருக்குப் பாட்டு 6 மில்லிவினாடி பிந்தித்தான் போகிறது, யாருக்கும் தாளம் தப்புவதில்லை. ஆனால் நம் குரல் நமக்கு மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறது, அதில் தாமதமே இல்லை. அதோடு பிந்தி வரும் குரல் கலக்கும்போது, சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். தாமதம் 200 மில்லிவினாடியை நெருங்கினால் பேச்சே தடுமாறும். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோன் 100-ஐச் சுலபமாகத் தாண்டும் என்பதால், பதிவுக்கு வயர் உள்ளதுதான் சரி.

இதையெல்லாம் தவிர்க்க ஒரு குறுக்கு வழி: இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' என்ற திருகோ பொத்தானோ இருந்தால், மைக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றாமல் நேரே காதுக்கு வரும். பதிவான டிராக் பிந்தித்தான் விழும், ஆனால் எவ்வளவு பிந்தியது என்று தெரிந்தால் மென்பொருள் அதை அந்த அளவு முன்னுக்கு இழுத்துச் சரிசெய்துவிடும். அந்த அளவை நீங்களே எடுக்கலாம். ஆடாசிட்டியின் அமைப்புகளில் தாமதத் திருத்தத்தை முதலில் பூஜ்யமாக்கிவிட்டு, ஒரு ரிதம் டிராக் உருவாக்குங்கள். ஹெட்ஃபோனின் ஒரு காதை மைக்கோடு ஒட்டிப் பிடித்து, டிராக்கை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால், மேலே ஒரு முள், அதற்கு வலப்பக்கம் சற்றுத் தள்ளி கீழே அதே முள். இடையில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் தாமதம். அமைப்புகளில் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

இந்த ஆடாசிட்டி 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுப் புராஜெக்ட்டாகத் தொடங்கியது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு பைண்டிங் போட்டு, கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அதில் நாலு பேருக்கு மாதச் சம்பளம் கொடுத்துத் தொடரச் சொன்னால் என்னவாம்?

வாசகிக்கு என் யோசனை: தனிக் குரலும் சுருதிப் பெட்டியும் மட்டும் என்றால் ஆடாசிட்டியே போதும். தபேலா, கீபோர்டு, கோரஸ் என்று டிராக்குகள் கூடினாலோ, எதிரொலி போட்ட குரலைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டுமென்றாலோ ரீப்பருக்கு மாறுங்கள். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். கியூபேஸுக்கு ஒதுக்கிய பணத்தில் டைரக்ட் மானிட்டர் உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட வேண்டியிருக்கும், அதற்கு எந்த மென்பொருளும் உதவாது. அதிகாலையில் பதிவை வைத்துக்கொள்ளுங்கள்.