கல்லா என்ற சொல் எங்கிருந்து வந்தது? பில் போடும் கருவிகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

கல்லா என்றால் கடையில் பணம் போட்டு வைக்கும் பெட்டி. பெட்டி இருக்கும் மேசைக்கும், அதில் ஒரு நாளில் சேரும் வசூலுக்கும்கூட அதே பெயர்தான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எந்தப் பழைய கடைக்குப் போனாலும் "கல்லாவுல குடுத்துடுங்க" என்பார்கள். "இப்ப பையன்தான் கல்லாவுல உட்காருறான்" என்றால் கடைப் பொறுப்பு மகன் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். படம் நன்றாக ஓடினால் கல்லா கட்டியது என்கிறோம்.

எழுத்தைப் பார்த்துக் கல்லாமையோடு சேர்த்துவிடக் கூடாது, இரண்டுக்கும் உறவில்லை. பேச்சில் உச்சரிப்பே வேறு, பணப்பெட்டியைச் சொல்லும்போது முதல் எழுத்தை 'கங்கை'யில் வரும் முதல் எழுத்து மாதிரி அழுத்திச் சொல்கிறோம். அது வேற்றுமொழிச் சொல் என்பதற்கு அந்த ஒலியே ஒரு தடயம். மூலம் அரபு. அங்கே விளைச்சல், அதிலிருந்து வரும் வருமானம் என்று பொருள். பாரசீகம் வழியாக உருது, இந்திக்கு வந்தபோது தானியத்தையும் குறித்தது, கடைக்காரரின் பணப்பெட்டியையும் குறித்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட கல்லாப்பெட்டி உண்டு. தானியம்தான் வருமானம் என்றிருந்த காலத்துச் சொல், தானியம் போய்க் காசு வந்த பிறகும் அப்படியே தங்கிவிட்டது.

ஆங்கிலத்தில் இதே பயணம் வேறு திசையில் நடந்திருக்கிறது. பிரெஞ்சில் 'கேஸ்' என்றால் பெட்டி, கடையின் கல்லாவுக்கும் அதுதான் பெயர். பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'கேஷ்' இந்தப் பெட்டிச் சொல்லின் குடும்பத்தில் பிறந்தது. ஆனால் சென்னை மாகாணத்தில் புழங்கிய சின்னச் செப்புக்காசை வெள்ளைக்காரர்கள் 'கேஷ்' என்று எழுதினார்களே, அது வேறு, நம்முடைய 'காசு' போர்த்துகீசியர் வாய் வழியாகப் போய் அப்படி ஆனது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் வெளியிட்ட 'ஃபனோன்' என்ற நாணயத்தின் பெயரும் நம் 'பணம்'தான்.

தூய தமிழில் சொல்ல வேண்டுமென்றால் கல்லாவுக்குப் பணப்பெட்டி என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. சிக்கல் அதில் இல்லை. பழைய கடையில் ஒரே மரப்பெட்டியும் ஒரு நோட்டும் செய்த வேலையை இன்றைக்கு ஐந்தாறு கருவிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன, அவற்றுக்குப் பெயர் வேண்டும்.

முதலில் வந்தது பணப்பதிவு இயந்திரம். அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, வேலையாட்கள் வசூலில் கை வைப்பதைத் தடுக்கத்தான் அதைச் செய்தார். 1879-ல் காப்புரிமை வாங்கினார். பணத்தைப் பத்திரப்படுத்துவதைவிட விற்பனையைப் பதிவு செய்வதுதான் அதன் வேலை. பணம் போடும் இழுப்பறை பின்னால் சேர்ந்தது.

அப்புறம் பார்கோடு. தமிழில் பட்டைக் குறியீடு, பொருத்தமான சொல். 1974 ஜூன் 26-ல் ஒஹாயோவின் டிராய் ஊரில் ஒரு பாக்கெட் சூயிங்கம்தான் கடையில் முதன்முதலாக இப்படி ஸ்கேன் செய்து விற்ற பொருள். அந்தக் கோடுகளுக்குள் விலை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. வெறும் எண் மட்டும்தான், விலை கடையின் கணினியில் இருக்கிறது. அலமாரியில் ஒரு விலையும் பில்லில் வேறு விலையும் வருவது இதனால்தான், ஒன்றை மாற்றியவர்கள் மற்றதை மாற்றாமல் விட்டிருப்பார்கள்.

எண்ணைக் கொஞ்சம் பார்க்கலாம். 8901234567890 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இலக்கமான 890, எண் இந்தியாவில் பதிவானது என்று சொல்கிறது, பொருள் இங்கே தயாரானது என்று அல்ல. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. அதை விட்டுவிட்டு ஒற்றை இடங்களில் இருப்பதைக் கூட்டினால் 28. இரட்டை இடங்களின் கூட்டுத்தொகை 34, மும்மடங்காக்கினால் 102. மொத்தம் 130. இதை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுதான் கடைசி இலக்கம், இங்கே ஏற்கெனவே பத்தின் மடங்கு, அதனால் 0. ஸ்கேனர் ஒரு கோட்டைத் தவறாகப் படித்தால் இந்தக் கணக்கு இடிக்கும், 'பீப்' வராது. காய்கறியை எடை போட்டு ஒட்டித் தரும் சீட்டில் எண் பெரும்பாலும் 2-ல் தொடங்கும். அது கடைக்குள் மட்டும் செல்லும் எண், அதில் எடையோ விலையோ உள்ளேயே அடங்கியிருக்கும்.

ஸ்கேனருக்கு வருடி. மெல்லத் தடவிப் போவதைச் சொல்லும் அழகான வினையிலிருந்து வந்த சொல், இன்னும் நிறையப் புழங்க வேண்டும். பில் அச்சாகும் சின்ன இயந்திரம் வெப்ப அச்சுப்பொறி. அதில் மை கிடையாது, ரசாயனம் பூசிய தாள் சூட்டில் கறுக்கிறது, வாரண்டி பில் பீரோவிலேயே வெளுத்துப்போகும் காரணமும் இதுதான். பணம் இருக்கும் இழுப்பறை பெரும்பாலும் இந்த அச்சுப்பொறியோடுதான் ஒயரில் இணைந்திருக்கும், பில் வந்ததும் அது அனுப்பும் மின்துடிப்பில் 'டக்'கென்று திறக்கும்.

பில்லும் ரசீதும் ஒன்றல்ல. பில் நீங்கள் தர வேண்டியதைச் சொல்கிறது, அது விலைப்பட்டியல். ரசீது பாரசீகச் சொல், 'வந்து சேர்ந்தது' என்று பொருள், அதாவது பணம் கைக்கு வந்துவிட்டது. இலங்கைத் தமிழர்கள் அதைப் பற்றுச்சீட்டு என்கிறார்கள், நாமும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இங்கே அந்தத் தாளில் இன்னொன்றும் தெரியும்: ஜிஎஸ்டி எண் 33-ல் தொடங்கினால் கடை தமிழ்நாட்டில், அதாவது கடலூர்ப் பக்கம், 34 என்றால் புதுச்சேரி. புதுச்சேரி யூனியன் பிரதேசமாக இருந்தாலும் சட்டசபை உள்ளதால், பில்லில் மாநில ஜிஎஸ்டி என்றுதான் வரும்.

மொத்த அமைப்பையும் 'பிஓஎஸ்' (பாயிண்ட் ஆஃப் சேல்) என்கிறார்கள், அரசு ஆவணங்களில் விற்பனை முனையம். எனக்கு இந்தச் சொல்லில் திருப்தி இல்லை. ஆங்கிலத்தை வார்த்தைக்கு வார்த்தை மாற்றியிருக்கிறார்கள், ரேஷன் கடைக்கு வரும் ஒரு பாட்டிக்கு முனையம் என்றால் என்ன புரியும்? கருவிக்கு விற்பனைப் பதிவுக் கருவி என்று வேலையைச் சொல்லிப் பெயர் வைக்கலாம். வாடிக்கையாளர் பார்க்கும் பலகையில் 'பணம் செலுத்துமிடம்' என்று எழுதினால் போதும். பேச்சில் கல்லா இருந்துவிட்டுப் போகட்டும், அதை மாற்றச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை.