காக்கர் ஸ்பேனியலுக்கு மொட்டை அடிக்காதீர்கள்

கத்திரி வெயில் ஆரம்பித்ததும் எங்கள் கால்நடை கிளினிக்குக்கு மொட்டை அடித்த காக்கர் ஸ்பேனியல் நாய்கள் வர ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு வருடமும் வாய் வலிக்கச் சொல்கிறேன். போன வாரம் வந்த நாயைப் பார்த்தபிறகு எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பொன்னிற ஆண் நாய், நான்கு வயது. தாடி டிரிம்மரை வைத்துக் கழுத்திலிருந்து வால் வரை ஒட்ட வழித்திருந்தார்கள். முதுகுத் தோல் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. அடிவயிற்றில் டிரிம்மர் பிளேடு சூடேறி இழுத்த கோடுகள். அக்குளில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. ஆனால் அவர்கள் வந்தது இது எதற்காகவும் இல்லை. காலை பதினோரு மணிக்கு வாக்கிங் கூட்டிப் போன இடத்தில் நாய் சுருண்டு விழுந்துவிட்டது. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. நாய்க்கு 39 வரைதான் சாதாரணம். தண்ணீரை ஊற்றி, ஃபேனைப் போட்டு, டிரிப் ஏற்றி ஒருவழியாகப் பிழைக்க வைத்தோம். அந்த வீட்டு அம்மா அழுதுகொண்டே கேட்டது: "அதான் முடியெல்லாம் எடுத்துட்டோமே டாக்டர், அப்புறம் எப்படி ஹீட் ஸ்ட்ரோக் வரும்?"

அவர் மீது கோபப்பட முடியவில்லை. பாசத்தில் செய்த காரியம். கோபமெல்லாம், முடியை வழித்தால் நாய்க்குச் சூடு குறையும் என்கிற நம்பிக்கையின் மீதுதான்.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. வியர்வை காற்றில் காயும்போது உடம்பு குளிர்கிறது. அதனால்தான் மொட்டை போட்டால் நமக்கு ஜில்லென்று இருக்கிறது. அதே கணக்கை நாய்க்கும் போடுகிறோம். நாய்க்கு உடம்பு அப்படி வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான் அது சூட்டைத் தணிக்கும் முக்கிய வழி. முதுகை வழித்து எடுத்துவிட்டால் அங்கே புதிதாக வியர்க்கப் போவதில்லை. "ரொம்ப இரைக்குது டாக்டர், முடி பாரமா இருக்குபோல" என்கிறார்கள். இரைப்பது முடியால் வந்த தொல்லை இல்லை ஐயா, நாய் தன் உடம்பைக் குளிர வைக்கிற வேலை அது. அதற்கு நிழலும் குடிக்கத் தண்ணீரும் காற்றும் கொடுங்கள்.

காக்கருக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே பட்டு மாதிரி நீளமான முடி, அடியில் பஞ்சு மாதிரி மென்மயிர். மேல் முடி வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. கீற்றுக் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு அடியில் உட்காருகிற மாதிரிதான் முடியை வழிப்பதும். அதிலும் பொன்னிறம், வெள்ளைத் திட்டு உள்ள நாய்களுக்கு அடியில் தோல் வெளிறிய ரோஜா நிறம். வெயில் பட்டால் வெந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. வழித்த முடி பழையபடி வளரும் என்று நினைக்காதீர்கள். பல காக்கர்களுக்கு மென்மயிர்தான் முந்திக்கொண்டு வரும். பட்டு முடி போய்க் கம்பளி மாதிரி ஆகிவிடும். அந்தக் கம்பளி முடிதான் சீக்கிரம் சடை பிடிக்கும். வெயிலுக்கு இதம் என்று இந்த வருடம் வழித்தவர்கள், அடுத்த வருடம் சடைக்காக வழிக்க வருவார்கள். சில நாய்களுக்கு வழித்த இடத்தில் மாதக்கணக்கில் முடியே வராது, ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அப்போது தைராய்டு குறைபாடு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போம். காக்கருக்கு அந்தக் குறைபாடு வரக்கூடியதுதான். கருத்தடை செய்த காக்கருக்கு வழிக்காமலேயே முடி கம்பளியாகலாம். அது வேறு விஷயம். அந்த நாய்களுக்குச் சீவல் இரண்டு மடங்கு தேவைப்படும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

மொட்டையே கூடாதா? உடம்பு முழுக்கச் சடை பிடித்துப் போய்விட்டால், தோல் நோய்க்கு மருந்து போட வேண்டியிருந்தால், அறுவை சிகிச்சைக்கு நாங்களே வழிப்போம். அதற்குக் காரணம் இருக்கிறது. வெயில் ஒரு காரணமே இல்லை.

சரி, வீட்டில் என்னதான் செய்வது?

சீவுங்கள். தினமும் பத்து நிமிடம், முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள். ஒரு ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் உள்ளது), ஒரு ஸ்டீல் சீப்பு போதும். எல்லோரும் முதுகில் மேலாக நாலு இழுப்பு இழுத்துவிட்டு "தினமும் சீவறோம் டாக்டர்" என்கிறார்கள். முதுகில் சிக்கு பிடிக்காது. காதின் வெளிப்பக்கம்கூடப் பளபளவென்றுதான் இருக்கும். காதைத் தூக்கி, அது தலையோடு சேரும் இடத்துக்குப் பின்னால் விரலை விடுங்கள். அங்கேதான் கெட்டியாக ஒரு முடிச்சு உங்கள் விரலில் தட்டும். அடுத்தது அக்குள். அப்புறம் தொடை இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், பின்னங்கால் குஞ்சம், விரல் இடுக்கு. இந்த இடங்களைச் சீவினால் பாதி வேலை முடிந்தது.

சீவும் முறை: இடது கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அடி வரிசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் சீவுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் தோல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடைசியாக ஸ்டீல் சீப்பைத் தோலிலிருந்து நுனி வரை இழுத்துப் பாருங்கள். எங்கேயும் தட்டாமல் வந்தால் சீவியாயிற்று. தட்டினால் அங்கே இன்னும் சிக்கு இருக்கிறது.

சிறிய முடிச்சு என்றால் அதன் வேரில் தோலை ஒட்டி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் நாய்க்கு வலிக்காது. நுனியிலிருந்து சீப்பின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். கொஞ்சம் சோள மாவு தூவினால் சுலபமாகப் பிரியும். பிரியவில்லையா, விட்டுவிடுங்கள். கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். சடைக்குள் தோலும் சேர்ந்து இழுபட்டு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், வெளியே தெரியாது. முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கும். அந்த அக்குள் காயம் இப்படி வந்ததுதான்; நான்கு தையல் போட்டேன். காது மடலின் ஓரத்தில் ஒரு சிறிய தோல் மடிப்பு உண்டு, சின்னப் பை மாதிரி. அதைச் சடை என்று வெட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. காது வெட்டுப்பட்டால் நாய் தலையை உதறும், உதற உதற ரத்தம் நிற்காது, சுவரெல்லாம் தெறிக்கும். வீடே பதறிப் போகும்.

சிக்கு எடுத்த பிறகுதான் குளியல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சடையோடு குளிப்பாட்டினால் அது தண்ணீரில் இறுகி, காய்ந்ததும் கட்டியாகிவிடும். உள்ளே ஈரம் தங்கித் தோல் புழுங்கிப் புண்ணாகும். மழைக்காலத்தில் அந்தப் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மேலே அழகாகச் சீவிய காதுமுடி, அடியில் விரலை விட்டால் புழு நெளிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான் இது.

குளியல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். நாய் ஷாம்பூ மட்டும். குழந்தை ஷாம்பூ மென்மையானது என்று யார் சொன்னாலும் அது குழந்தைக்கு. சீயக்காய் வேண்டாம், கண்ணில் பட்டால் பாவம். தரை துடைக்கிற கிருமிநாசினியை வாளியில் ஊற்றிக் கலக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாய் உடம்பை நக்கும், வயிற்றுக்குள் போகும். ஷாம்பூ போக நன்றாக அலசி, டவலால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் மறுபடி சிக்கு. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், உங்கள் கையையும் அதே தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே காட்டுங்கள். அடிமுடி வரை காய வேண்டும்.

இனி காது. என்னிடம் வரும் காக்கர்களில் காது தொல்லை இல்லாமல் வருவது அபூர்வம். தொங்கும் காது, உள்ளே முடி, குறும்பி சுரக்கும் சுரப்பிகளும் மற்ற இனங்களைவிட அதிகம். நம்முடைய கடலோரப் புழுக்கம் வேறு. முதுகை வழித்துவிட்டு வருகிற அதே நாய்களின் காதைத் திருப்பிப் பார்த்தால், உண்மையில் முடியைக் குறைக்க வேண்டிய இடத்தில் அப்படியே அடர்ந்து கிடக்கும். காது மடலின் மேல் மூன்றில் ஒரு பங்கு, உள்பக்கமும் வெளிப்பக்கமும், துளைக்குக் கீழே கன்னத்தோரம்: இங்கேதான் டிரிம்மரை மெதுவாக ஓட்டிக் காற்று போக வழி செய்ய வேண்டும். அதற்கு நாய்க்கென்று விற்கும் டிரிம்மரை வாங்குங்கள். பிளேடு சூடாகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பாருங்கள். துளைக்குள்ளே இருக்கும் முடியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கிய இடம் வீங்கி அதுவே தொற்றுக்கு வாசல் திறந்துவிடும். தேவையா இல்லையா என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

சுத்தம் செய்வது வாரம் ஒருமுறை, குளித்த பிறகும் ஒருமுறை. டாக்டர் எழுதிக் கொடுத்த திரவத்தைத் துளை நிறைய விட்டு, காதின் அடியில் அரை நிமிடம் பிசைந்துவிடுங்கள். உள்ளே சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். விட்டுவிடுங்கள், நாய் தானே தலையை உதறி அழுக்கை மேலே கொண்டு வரும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம். நாயின் காதுக் குழாய் கீழே போய் உள்ளே மடங்குகிறது. பட்ஸ் அழுக்கை அந்த மடிப்பில் கொண்டுபோய்த் திணித்துவிடும். நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், பூண்டு போட்டும் ஊற்றாதீர்கள். போன தடவை கொடுத்த மருந்து பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது என்று விடாதீர்கள். காது ஜவ்வு ஓட்டையாகியிருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். ஜவ்வு முழுசாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நாற்றம், பழுப்பு நிறக் கசடு, தலையைச் சாய்த்து நிற்பது, காதைத் தரையில் தேய்ப்பது, தொட்டால் உறுமுவது. இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், வந்துவிடுங்கள். தொற்று வந்து வந்து போனால் உள்ளே ஒவ்வாமை இருக்கலாம், அதைத் தேட வேண்டும். விட்டுவிட்டால் குழாய் தடித்து, கல் மாதிரி இறுகி, கடைசியில் காதுக் குழாயையே அறுத்து எடுக்க வேண்டி வரும். காக்கர்களுக்கு அந்த நிலை அதிகம் வருகிறது. ஒவ்வொரு முறையும் மனசு கேட்காது. வருடக்கணக்கில் வலியோடு இருந்த நாய்கள் அவை. அறுவை முடிந்த பிறகு ஓடி விளையாடுவதைப் பார்த்து, "இத்தனை நாள் வயசாயிடுச்சுன்னு நினைச்சோம்" என்பார்கள்.

சாப்பிடும்போது காது தட்டில் விழுந்து நனையும். வாய் குறுகலான, ஆழமான கிண்ணம் வையுங்கள். கீழுதட்டு மடிப்பில் எச்சிலும் சோறும் தங்கி நாறும். பலர் பல் நாற்றம் என்று நினைக்கிறார்கள். சாப்பிட்டதும் ஈரத் துணியால் துடைத்துக் காய வையுங்கள்.

பாதம்: அடியில் மெத்தைக்கு இடையே வளரும் முடியை முனை மழுங்கிய கத்தரிக்கோலால் மெத்தையின் மட்டத்துக்கு நறுக்குங்கள். டைல்ஸ் தரையில் வழுக்காது. ஒட்டுப்புல்லும் உண்ணியும் விரல் இடுக்கில்தான் ஒளியும், சீவும்போதே பிரித்துப் பாருங்கள். உண்ணி இருந்தால் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவாதீர்கள். உண்ணி எடுத்த நாய் அடுத்த சில வாரங்களில் சோர்ந்து, சாப்பிடாமல், காய்ச்சலாக இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். நகம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நுனி மட்டும். கறுப்பு நகத்தில் ரத்தக் குழாய் தெரியாது, துளித் துளியாக வெட்டுங்கள். பயமாக இருந்தால் எங்களிடம் விடுங்கள். ஆசனவாய்ச் சுரப்பியை வீடியோ பார்த்துப் பிதுக்காதீர்கள்.

கடையில் காக்கர் என்று ஒரே பெயரில் விற்றாலும் இரண்டு வகை உண்டு. அமெரிக்கக் கென்னல் கிளப் 1946இல் ஆங்கிலக் காக்கரைத் தனி இனமாகப் பிரித்தது. அமெரிக்கக் காக்கருக்கு முடி இன்னும் அடர்த்தி, வேலையும் அதிகம். தினமும் பத்து நிமிடம் ஒதுக்க முடியாது என்றால் குட்டி வாங்கும் முன்பே யோசியுங்கள். வாங்கிவிட்டீர்களா, மூன்று மாதக் குட்டியிலேயே காதையும் பாதத்தையும் தினமும் தொட்டுப் பழக்குங்கள், சீப்பைக் காட்டும்போது ஒரு பிஸ்கட் துண்டு கொடுங்கள். வளர்ந்த பிறகு நான்கு பேர் சேர்ந்து பிடிக்கும் நிலைமை வராது.

உடம்பெல்லாம் சடை பிடித்துவிட்டதே, திட்டுவார்களோ என்று தள்ளிப்போடாதீர்கள். திட்ட மாட்டேன். கூட்டி வாருங்கள், மயக்கம் கொடுத்து வலி தெரியாமல் எடுத்துவிடலாம், காதையும் அப்போதே ஆழமாகச் சுத்தம் செய்துவிடலாம். முன்கூட்டி போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். வரும் அன்று காலையில் சாப்பாடு போட வேண்டாம். தண்ணீர் கொடுக்கலாம்.