தீவிர மனநோய் ஆய்வுக்கு ஐ.சி.எம்.ஆர். நிதி: பணத்துக்கு முன்னால் பிரிவு 99

ஸ்கிசோஃப்ரினியா, இருதுருவக் கோளாறு போன்ற நோய்களை ஆராயும் உளவியலாளர்கள், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தன் நிறுவனங்களுக்கு வெளியே நடக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வெளிநிறுவன ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். முதன்மை ஆய்வாளர் கல்லூரியிலோ ஆய்வு நிறுவனத்திலோ நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களுக்கு இடமில்லை. தொண்டு நிறுவனம் என்றால் டி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆய்வுத் துறை) அங்கீகாரச் சான்று வேண்டும்.

பட்ஜெட் போடுவது பெரிய வித்தையல்ல. பணியாளர் ஊதியத்தை ஐ.சி.எம்.ஆர். வகுத்த பதவிப் பெயர்களிலேயே எழுதுங்கள். பங்கேற்பாளரின் பயணச் செலவு, இழந்த கூலி இரண்டையும் மறக்காதீர்கள். துணைக்கு வருபவரின் பேருந்துக் கட்டணத்தையும் சேருங்கள்.

உண்மையான சிக்கல் பங்கேற்பாளரின் ஒப்புதலில்தான் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 99 மருந்துச் சோதனைக்கு மட்டுமானதல்ல. நோயாளியிடம் நேர்காணல் எடுத்தாலே அது பொருந்தும். 'வெறும் கேள்வித்தாள்தானே' என்று இருந்துவிடுபவர்கள் பிறகு திணறுவார்கள்.

நோயின் பெயரை வைத்து ஒருவரால் ஒப்புதல் தர முடியாது என்று முடிவுகட்டக் கூடாது. விளக்கத்தைப் புரிந்து தானே முடிவெடுப்பவரிடம் அவருடைய ஒப்புதலையே வாங்க வேண்டும். ஒப்புதல் தர முடியாத நிலையில் இருந்து, பங்கேற்க எதிர்ப்பும் காட்டாதவரிடம் உளவியல், உடல், மருந்து சார்ந்த சிகிச்சைத் தலையீட்டை ஆராய்வதானால், வீட்டாரின் கையெழுத்து மட்டும் போதாது. மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும்; அதன் பிறகே நியமனப் பிரதிநிதியின் (நோயாளியின் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர்) ஒப்புதல் செல்லும். எதிர்ப்பவரைச் சேர்க்கவே முடியாது.

ஆணையம் பார்ப்பது இவற்றை: ஒப்புதல் தரக்கூடியவர்களை வைத்து இதே ஆய்வைச் செய்ய முடியாதா, மனநோயாளிகளின் தேவைக்கு இது உதவுமா, ஆய்வாளரின் நலன்கள் முழுமையாக வெளிப்படுத்தப்பட்டுள்ளனவா, ஆய்வு நடக்கும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்கிறதா. முதல் கேள்விக்கே பல விண்ணப்பங்களில் சரியான பதில் இருக்காது. 'ஆள் கிடைப்பது எளிது' என்பது பதிலாகாது. நெறிமுறைக் குழு, ஆணையம் என இரண்டு படிகள் இருப்பதால், கால அட்டவணையில் முதல் மாதமே தரவு சேகரிப்பு என்று எழுதாதீர்கள். உளச்சிகிச்சையைச் சோதிப்பதாக இருந்தால், முதல் நபரைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவும் முடிந்திருக்க வேண்டும்.

தந்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதால், மாதிரி எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டியே கணக்கிடுங்கள். அனுமதிக்குக் காத்திருக்க நேரமில்லையா? ஒப்புதல் தர இயலாதவர்களின் மருத்துவக் குறிப்புகளை, அடையாளம் வெளிப்படாமல் ஆராய இதே பிரிவு தடைசொல்லவில்லை. அதற்கும் நெறிமுறைக் குழுவிடம் போகத்தான் வேண்டும்.