கார் பார்க்கிங் உள்ள இருக்கு, கார் மட்டும் ஏன் தெருவுல?

மேற்கு மாம்பலம் பக்கம் பழைய தனி வீட்டை இடிச்சுட்டு ஸ்டில்ட் (கார் விட தூண் மட்டும் நிக்கற கீழ்த்தளம்) விட்டு மேல பிளாட் கட்டறவங்களுக்கு பிளான் போட்டு குடுக்கறதுதான் என் தொழில். ரங்கநாதன் தெருவுக்கு துணி எடுக்க வர்றவங்க இங்க வண்டிய விட்டுட்டு போயிடறாங்கன்னு எல்லாரும் புலம்புறாங்க, உண்மைதான், தீபாவளி சமயத்துல நடக்கவே வழி இருக்காது. ஆனா ராத்திரி கடையெல்லாம் சாத்தினப்புறம் அதே தெருவுல நிக்கற கார பாருங்க, முக்கால்வாசி நம்ம தெருக்காரங்களோடதுதான்.

கீழதான் பார்க்கிங் இருக்கே? பிளான்ல ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம்னு கட்டம் போட்டு அப்ரூவல் வாங்கிடலாம். கட்டி முடிக்கும்போது தூண் அரை அடி உள்ள தள்ளிக்கும், ஈபி மீட்டர் போர்டு, மோட்டர், வாட்ச்மேன் ரூம், யாரோ போட்டு வெச்ச பழைய பீரோன்னு இடம் கரைஞ்சு போயிடும். இதுல ஒரு காருக்கு பின்னாடி இன்னொரு கார்னு ரெண்டு வீட்டுக்கு பிரிச்சு குடுத்துட்டா கேக்கவே வேணாம், காலைல ஆபீஸ் போற நேரத்துல மேல் வீட்டுக்காரர எழுப்பி சாவி வாங்கணும். நாலு நாள் பாப்பாங்க, அஞ்சாவது நாள் கார் தெருவுக்கு வந்துடும்.

தெரு கணக்கு ரொம்ப சிம்பிள். 20 அடி தெருன்னா 6 மீட்டர், கார் கண்ணாடியோட சேத்து கிட்டத்தட்ட 2 மீட்டர். ரெண்டு பக்கமும் விட்டா நடுவுல 2 மீட்டர்தான் மிச்சம், ஃபயர் இன்ஜின் அகலமே சுமார் 2.5 மீட்டர். ஒரே பக்கமா விட்டு தெருமுனைய காலியா வெச்சா 4 மீட்டர் கிடைக்கும், இதுக்கு பைசா செலவில்ல, அசோசியேஷன்ல உக்காந்து பேசினா போதும் (பேசறதுதான் கஷ்டம், அது தெரியும்). அத விட்டுட்டு வாசல்ல கல்லு, பூந்தொட்டி, சொந்தமா எழுதின நோ பார்க்கிங் போர்டுன்னு வெச்சா அதுக்கு சட்டத்துல மதிப்பே கிடையாது, தெரு பொது இடம்.

வீடு கட்டறவங்களுக்கு ஒண்ணு. மனை அகலம் முழுக்க கேட் போடாதீங்க, கேட் இருக்கற நீளத்துக்கு வெளிய யாருமே வண்டி விட முடியாது, உள்ள ஒரு காருக்கு இடம் பண்ணி தெருவுல ரெண்டு காரோட இடத்த முழுங்கின கதைதான். சாய்தளத்தையும் காம்பவுண்டுக்குள்ளயே முடிங்க, ரோட்டுல நீட்டினா மழைத்தண்ணி தேங்கும்.

பிளாட் வாங்கறவங்களுக்கு, ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடம், பில்டர் அத தனியா விக்க முடியாதுன்னு 2010லயே ஒரு மும்பை கேஸ்ல, மகாராஷ்டிரா சட்டத்த வெச்சு சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, ஆனாலும் தனி ரேட் கேப்பாங்க, வக்கீல்கிட்ட பத்திரத்த காட்டிட்டு பேசுங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க காரையே ஓட்டிட்டு போய் அந்த கட்டத்துல விட்டு, கதவ திறந்து இறங்க முடியுதான்னு பாருங்க, பில்டர் முறைச்சா முறைக்கட்டும்.