சிறுநீர்க் காரமாக்கல்: ஒரு சொல் விளக்கம்

ஆஸ்பிரினை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாக சோடியம் பைகார்பனேட் ஏற்றுவதுண்டு. சிறுநீரின் பிஎச் அளவை, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண்ணை, 7.5 அல்லது அதற்கு மேல் கொண்டுபோய் நிறுத்துவதுதான் நோக்கம். ‘யூரின் ஆல்கலினைசேஷன்’ என்பது இதன் பெயர். தமிழில் சிறுநீர்க் காரமாக்கல் எனலாம்.

‘ஆல்கலி’ அரபியின் ‘அல்-கலி’ என்பதிலிருந்து வந்தது. உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலுக்கு அந்தப் பெயர். நம் ‘காரம்’ வடமொழி க்ஷாரத்திலிருந்து வந்தது. செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுக்கும் உப்பை அது குறித்தது. இரண்டு சொல்லும் சாம்பலில்தான் பிறந்திருக்கின்றன. இதைவிடப் பொருத்தமான இணைச்சொல் கிடைப்பது அரிது. ஒரு சிக்கல் உண்டு: காரம் என்றதும் மிளகாய் நினைவு வரும், சிறுநீர் எரிச்சலோ என்று நோயாளி மிரளுவார். அதனால் சிலர் ‘காரத்தன்மையாக்கம்’ என்று நீட்டுகிறார்கள். எனக்கு அது வேண்டாத நீட்டல். ‘அமிலத்துக்கு எதிரான காரம்’ என்று ஒருமுறை சொன்னால் போதும்.

பழைய நூல்களில் ‘வலிந்த காரச் சிறுநீர்ப்பெருக்கு’ என்ற பெயரைப் பார்க்கலாம். அப்போது நிறைய திரவம் ஏற்றி, சிறுநீரை வெள்ளமாக வெளியேற்றினார்கள். நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து அதில் இருந்தது. நஞ்சை விரட்டுவது சிறுநீரின் அளவைவிட அதன் காரத்தன்மைதான் என்பதால், அமெரிக்க, ஐரோப்பிய நச்சியல் அமைப்புகள் 2004இல் வெளியிட்ட கூட்டறிக்கை அந்தப் பெயரைக் கைவிடச் சொன்னது. பெயர் தவறினால் சிகிச்சையும் தவறிப்போகும் என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, காரம் எப்படி நஞ்சை விரட்டுகிறது? ஆஸ்பிரின் உடலில் சாலிசிலேட்டாக மாறுகிறது. அது வலுக்குறைந்த அமிலம். மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு சிறுநீரகக் குழல்களின் கொழுப்புப் படலத்தைக் கடந்து ரத்தத்துக்கே திரும்பிவிடும். சிறுநீர் காரமாக இருந்தால் அந்த மூலக்கூறு தன் ஹைட்ரஜனை இழந்து, மின்னேற்றமுள்ள அயனியாகிவிடும். படலத்தைக் கடக்க முடியாமல் சிறுநீரோடு வெளியேறும். பிஎச் ஓர் அலகு ஏறினால் மின்னேற்றமில்லாத பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகச் சுருங்கும். இதற்கு ‘அயனிச் சிறைப்பிடிப்பு’ என்று பெயர். அயனி என்பதன் கிரேக்க மூலத்துக்குப் ‘போவது’ என்று பொருள். போகிறதைப் பிடித்து நிறுத்துகிறோம்!

பொட்டாசியம் குறைந்திருந்தால் எவ்வளவு பைகார்பனேட் ஏற்றினாலும் சிறுநீர் காரமாகாது. சிறுநீரகம் பொட்டாசியத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே தள்ளும். போதாக்குறைக்கு, இந்தச் சிகிச்சையே பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆகவே அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவை. சமையல் சோடாவும் பைகார்பனேட்தானே என்று வீட்டில் யாரும் கரைத்துக் கொடுத்துவிடக் கூடாது.

2,4-டி களைக்கொல்லி நஞ்சுக்கும் இந்த முறை உண்டு. ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்துக்கும் பயன்படும், ஆனால் அங்கே நஞ்சை உறிஞ்சும் மருத்துவக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதே மேல்.

அப்புறம், எதிர்ச்சொல்லான ‘சிறுநீர் அமிலமாக்கல்’. ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்து போன்ற வலுக்குறைந்த காரங்களை வெளியேற்ற அமோனியம் குளோரைடு கொடுத்தார்கள். பெயரிலேயே சாரத்தை, அதாவது காரத்தை, சுமக்கும் நம் நவச்சாரம்தான் அது. ஆனால் செய்வது அமில வேலை. அந்த நஞ்சில் தசைகள் சிதைந்து மயோகுளோபின் என்ற தசைப் புரதம் வெளியேறும். அமிலச் சிறுநீரில் அது படிந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள்.